கிளீனருக்கு எடுத்த அளவு

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவன் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு அந்த வீட்டில் ஆள் கிடையாது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அப்பா சவரிமுத்து, நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிவரும் வேன் டிரைவர். தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குச் சகவாசம் கிடையாது. அம்மா லூர்துமேரி பள்ளிக்கூட வாசலை மிதித்ததே எனக்குச் சோறு கொண்டுவந்தபோதுதான். அதனால் நான் பத்தாவது தாண்டிய நாளிலிருந்து மாத்திரை அட்டை, கரண்ட் கார்டு, காஸ் புத்தகம், எதிர்வீட்டுப் பட்டா எல்லாம் என் முன்னால்தான் வந்து நிற்கும். தெரியாது என்று சொல்கிற பழக்கமே எனக்கு வராமல் போய்விட்டது. (தெரியாதுன்னு சொன்னா அம்புட்டுப் பேரும் எங்க போவாங்க? பொறுப்புணர்ச்சிதான்.) நான் எதைச் சொன்னாலும் "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போகும். என் தலை கனத்த கதை இது.

ஐந்து வருடத்துக்கு முன்பு, தேர்வு எழுதி, எனக்கு நாக்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்திருந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு அறை குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். வாசலில் என் பெயரை எழுதி ஒரு பலகை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அப்பாவையும் அம்மாவையும் கூட்டி வந்து அந்தப் பலகைக்குக் கீழே நிற்கவைக்க வேண்டும். மூட்டுத் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதால் அப்பா வேன் சாவியை முதலாளி காஜா பாயிடம் கொடுத்துவிட்டு வீட்டில்தான் இருந்தார். லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அம்மா கேட்டதும் சரி என்றாள். அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"கிளீனர் வந்தா நானும் வாரேன். அவனை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்."

கிளீனர் எங்கள் நாய். லாரி என்றால் டிரைவருக்குத் துணையாக ஒரு கிளீனர் வருவான். பூ வேனுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. குட்டியாக வேனுக்குள் ஏறிய ஒரு நாட்டு நாய் இறங்க மறுத்துவிட்டதால் அந்தப் பதவி அவனுக்குப் போனது. மல்லிகைச் சாக்குகளுக்கு நடுவிலேயே படுத்து வளர்ந்ததால், திண்டுக்கல்லிலேயே மணக்கிற நாய் அவன் ஒருவன்தான். வேன் நகர்ந்தால் தூங்கிவிடுவான். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் எழுந்து, கீழே குதித்து, பின்னால் போய் நின்று குரைப்பான். இடம் இருக்கிறவரை நிதானமாக. சுவர் நெருங்கினால் வேகவேகமாக. ஏழு வருடத்தில் அப்பாவின் வேன் பின்பக்கம் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இந்த உத்தியோகஸ்தனை நாக்பூருக்கு எப்படிக் கொண்டுபோவது? ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் போய் விசாரித்தேன். அங்கிருந்த கண்ணாடி போட்ட மேடம் பொறுமையாகச் சொன்னார். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குள் நாய் நிற்கணும், திரும்பணும், படுக்கணும். மூன்றுக்கும் இடம் இருந்தால் ரயிலோடு போகிற பிரேக் வேனில் ஏற்றிவிடலாம். நான் டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டேன். (அடிக்கோடு போட்டதோட சரி.)

இணையத்தில் தேடினால் பிளாஸ்டிக் பெட்டி வர இரண்டு வாரம் ஆகுமாம். டிக்கெட் ஒன்பதாம் நாளைக்குப் போட்டாயிற்று. அப்போதுதான் செபாஸ்டின் மாமா உள்ளே வந்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். தொழில், சவப்பெட்டி செய்வது. கைவேலையில் சுத்தமானவர்; சுற்று வட்டாரத்தில் அவர் பெட்டி என்றால் தனி மதிப்பு. அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான் சிரமம். யாரைப் பார்த்தாலும் கண் தானாக உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை போய்வரும். கல்யாண வீட்டில் மாமா தன்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் கொஞ்சம் வயதானவர்கள் அடுத்த பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள்.

ஊரைவிட்டுப் போகிற தங்கச்சிக்கு அண்ணன் சீர் என்று ஏதாவது செய்ய வேண்டாமா, அந்தப் பெட்டியை நானே செய்து தருகிறேன், அளவை மட்டும் கொடு என்றார் மாமா.

அளவெடுக்கிற விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் சட்டை எடுக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார்கள். வளர்ற புள்ளையாம். சட்டை எனக்குச் சரியாக வருகிற வருடம் முழங்கை கிழிந்திருக்கும். பன்னிரண்டு வருடம் அடுத்தவன் சட்டையில் குடியிருந்தவன் மாதிரியே படித்தேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு என் வீட்டுக்கு வருகிற எதுவும் கச்சிதமான அளவில்தான் வரவேண்டும் என்று சபதமே போட்டிருந்தேன்.

இணையத்தில் ஒரு படம் இருந்தது. நாய் ஒன்று நின்றுகொண்டிருக்கும். நாலு பக்கம் அம்புக்குறி. காது நுனிவரை உயரம் எடு, தோள் அகலத்தை இரண்டால் பெருக்கு என்றெல்லாம் போட்டிருந்தது. பெருக்கு என்ற இடத்தில் எனக்குச் சட்டை ஞாபகம் வந்துவிட்டது. பெரிய பெட்டியை விற்பதற்கு எழுதியிருக்கிறான் என்று அதை அடித்துவிட்டேன். நிற்கவைத்து எடுக்கச் சொன்னதும் நடக்கவில்லை. டேப்பைக் கண்டால் கிளீனர் அதன் மறுநுனியைக் கவ்விக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனான். ஆகவே மத்தியானம் அவன் வேப்பமரத்தடியில் பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டித் தூங்கும்போது அளந்தேன். மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம்வரை நீளம். முதுகிலிருந்து நீட்டிய பாதம்வரை அகலம். தரையிலிருந்து மேல் விலாவரை உயரம். காற்றோட்டத்துக்கு எல்லாவற்றிலும் இரண்டு விரல் கூட்டினேன். ரயிலில் அவன் தூங்கத்தானே போகிறான்?

அம்மா முறத்தோடு வந்து நின்றாள். படுத்துக் கிடக்கிறவனை அளவெடுக்காதே, நல்லதுக்கில்லை என்றாள். மூடநம்பிக்கை பற்றி நான் அவளுக்கு ஐந்து நிமிடம் விளக்கினேன். அவள் அரிசியைப் புடைத்தபடியே கேட்டுக்கொண்டாள்.

அப்பா அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் நான் போட்டிருந்த கட்டத்தின் வடிவம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஏப்பா, அவன் எந்திரிச்சா தலை இடிக்காது?"

"அப்பா, இது கணக்கு."

"சரிப்பா" என்று தாளை மடித்துக் கொடுத்தார். சாயங்காலம் பக்கத்து வீட்டு பீட்டர் அண்ணனிடம், நாய்க்குக்கூட மகன் கணக்குப் போட்டுத்தான் பெட்டி செய்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடும்.

மாமாதான் கடைசித் தடுப்பு. பட்டறையில் தாளைப் பார்த்ததும் இந்த ஆழம் பத்துமா என்று இழுத்தார். நான் வங்கி கவுண்டரில் பேசுகிற குரலில், பார்சல் ஆபீஸில் விசாரித்துத்தான் எழுதியிருக்கிறேன் மாமா, எழுதியபடி செய்யுங்கள் என்றேன். மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"எனக்கென்ன மருமகனே. எம் பெட்டிக்குள்ள போனவுக யாரும் இதுவரைக்கும் எந்திரிச்சு நின்டதில்ல. திரும்பிப் படுத்ததும் இல்ல. நாயப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்? படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பயண நாள் காலையில் பெட்டி வந்தது. மாமா குறை வைக்கவே இல்லை. வார்னிஷ் போட்ட பலகையில் முகம் பார்க்கலாம். பக்கத்துக்கு இரண்டாக நாலு பித்தளைக் கைப்பிடி. மேலே தூக்கித் திறக்கிற மூடி, அதற்கு ஒரு சின்னக் கொக்கி. உள்ளே வெள்ளைப் பட்டுத்துணி, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தது. காற்றுக்கு ஓட்டை போடச் சொல்லியிருந்தேன் அல்லவா? போட்டிருந்தார். இரண்டு பக்கமும் சிலுவை வடிவத்தில்.

"கைப்பழக்கம் மருமகனே. காத்து எந்த ஓட்டையில வந்தா என்ன?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிளீனரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டான். இரண்டு அவித்த முட்டையைக் காட்டியதும் பெட்டிக்குள் இறங்கினான். நின்றால் மூடி மூடவில்லை. நான் அவனைச் சாய்த்துப் படுக்கவைத்தேன். ஒரு விரல் கூடுதல் குறைச்சல் இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தினான். நான் ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொண்டேன். மூடியை இறக்குவதற்கு முன் அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சம்பளம் வாங்குகிறவன் முதலாளியைப் பார்க்கிற பார்வை.

அப்பாவுக்கு நடக்க முடியாது என்பதால் மூட்டை முடிச்சோடு அவரை முதலிலேயே ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டோம். மாமா பெட்டி கொண்டுவந்த குட்டியானை வண்டிக்குத் தாடிக்கொம்பிலிருந்து ஓர் அவசரம் வந்துவிட்டது. (மாமா தொழில்ல அவசரம்னா என்னன்னு கேக்கக் கூடாது.) எங்கள் தெருவிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்றேன். முன்னால் நானும் மாமாவும். பின்னால் பீட்டர் அண்ணனும் எதிர்வீட்டு முருகேசனும். நான் கைப்பிடியைப் பிடித்தேன். மாமா தடுத்தார். கைப்பிடி இறக்கி வைப்பதற்குத்தானாம். தூக்குவது தோளில்தானாம். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று தோளில் ஏற்றினோம்.

இப்போது நீங்கள் அந்தக் காட்சியைத் தெருவில் நின்று பாருங்கள். வார்னிஷ் மின்னும் பெட்டி, பக்கத்தில் சிலுவை, நாலு பேர் தோளில். முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட மகன். பின்னால் அம்மா அழுதுகொண்டு வருகிறாள். முப்பது வருடம் குடியிருந்த தெருவைவிட்டுப் போகிறாள், அழாமல் என்ன செய்வாள்? அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலு பெண்கள் அழுகிறார்கள். அப்பாவை மட்டும் காணோம்.

எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பைக்கில் வந்தவர்கள் ஓரம் கட்டினார்கள். முக்கில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி மொத்த வண்டியையும் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். வங்கி வேலைக்கு நம் ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நினைத்து, நான் அவருக்குத் தலையை லேசாக ஆட்டினேன். அவரும் சோகமாக ஆட்டினார்.

எதிரே வந்த ஒரு பூ வேன் டிரைவர், அப்பாவோடு ஓட்டியவர், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே போனை எடுத்ததை மட்டும் கவனித்தேன். பூ மார்க்கெட்டுக்குத்தான் ஊரில் எல்லாரையும் முந்திக்கொண்டு சாவுச் செய்தி போகும். மாலை கட்ட வேண்டுமே.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்தாயிற்று. அங்கே ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தது. அந்த வண்டியில் ரிவர்ஸுக்கு ஒரு பாட்டு வேறு வைத்திருந்தான்.

தோளில் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் உத்தியோகத்துக்கு எழுந்துவிட்டான். முதலில் சிலுவை ஓட்டை வழியாக ஒரு நிதானமான குரைப்பு. பிறகு முதுகை வைத்து ஒரு முட்டு. கொக்கி தெறித்தது. மூடி மெல்ல மேலே எழுந்தது.

நான் முன்னால் இருந்ததால் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன். தாய்மார்கள் கூட்டத்திலிருந்து ஒரு 'மாதாவே'. அதற்கடுத்து பீட்டர் அண்ணன் ஓடுகிற சத்தம். உள்ளே நாய் என்று தெரிந்து தூக்கி வந்தவர்தான் அவர். ஆனால் ஊரே தலை குனிவதைப் பார்த்துக்கொண்டு வந்ததில் பாதி வழியிலேயே அவருக்கு நம்பிக்கை மாறிவிட்டதாம். பின்மூலை சரிய, பெட்டி எங்கள் தோளிலிருந்து வழுக்கி, நாங்கள் தாங்கித் தாங்கி இறக்கியும், பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் விழுந்தது. மூடி கழன்று தனியாகப் போனது.

கிளீனருக்கு அடியொன்றும் இல்லை. சாய்ந்து கிடந்த பெட்டிக்குள் நிமிர்ந்து நின்று, மினி லாரியைப் பார்த்துக் குரைத்தான். நிதானமாக. பிறகு வேகவேகமாக. லாரி நின்றது. சுவருக்கு ஒரு சாண் பாக்கி. டிரைவர் எட்டிப் பார்த்து, சவப்பெட்டிக்குள் நின்று தனக்கு வழி சொல்லும் நாயைக் கண்டு, மறுபடியும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பார்சல் ஆபீஸ் வாசல் பெஞ்சில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பெட்டியையும் மூடியையும் நாயையும் தனித்தனியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே நேரம் ஒரு பூ வேன் வந்து நின்றது. காஜா பாயும் ஐந்து டிரைவர்களும் இறங்கினார்கள். வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், பூட்டியிருந்ததால் பெட்டி போன திசையைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். பாய் கையில் ஆள் உயர ரோஜா மாலை. கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்தவர், என் தலைக்கு மேலாகப் பெஞ்சைப் பார்த்துவிட்டார்.

"சவரி... நீ மௌத்தாயிட்டேன்னு சொன்னாங்கய்யா."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லையே பாய். நாக்பூர் போறேன். டீ சொல்லவா?"

பார்சல் மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார். பிறகு என்னிடம், எனக்கு ஓர் அக்கா இருந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படிச் சொன்னார்: "தம்பி, நிக்கணும், திரும்பணும், படுக்கணும்னு மூணு சொன்னேன். நீங்க மூணாவத மட்டும் செஞ்சிருக்கீங்க. இதுல விட முடியாது."

ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஒண்ணுமில்லப்பா. நீயும் அம்மாவும் கெளம்புங்க. நானும் கிளீனரும் இங்கனக்குள்ளயே இருந்துக்கிறோம்."

சொல்லிவிட்டு நாயின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா ஏற்கெனவே எங்கள் பையிலிருந்து அவருடைய மாத்திரையையும் துண்டையும் தனியாக எடுக்க ஆரம்பித்திருந்தாள். அவளும் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. என் பெயர்ப்பலகைக்குக் கீழே நான் மட்டும் நிற்கப்போகிறேன். கச்சிதமாக.

நான் போய் அப்பா முன்னால் நின்றேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன்பு எங்கள் வீட்டில் நான் சொன்னதேயில்லை.

"அப்பா, நான் போட்ட கணக்கு தப்பு. நீங்க கேட்டப்பவே சரியாக் கேட்டீங்க."

அப்பா பதில் சொல்வதற்குள் மாமா எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிற தோள்பையைத் தரையில் இறக்கினார். உள்ளே சுத்தியல், ரம்பம், ஆணி எல்லாம் இருந்தன.

"இந்தப் பெட்டிக்கு ஒம்பது நாளு ஆச்சு. சரி, இப்ப சொல்லு மருமகனே, என்ன செய்யலாம்?"

கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. ஆனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் பெட்டி சாய்ந்து கிடந்தபோது கிளீனர் தலை இடிக்காமல் நின்றானே! படுத்திருந்த நாயை அளந்து செய்த பெட்டி அது. பெட்டியைப் படுக்கவைத்தால் நாய் நிற்கும். நீளம் இருக்கிறது, இப்போது உயரமும் வந்துவிட்டது. இல்லாதது அகலம் மட்டும்தான். மூடி இருந்த பக்கம் இப்போது பக்கச் சுவர். அந்தப் பக்கத்தை வெளியே தள்ளிக் கட்டினால் அகலமும் வந்துவிடும்.

"எம்புட்டுத் தள்ளணும்?" என்றார் மாமா.

"ரெண்டால பெருக்கணும் மாமா. வேணாம், அவனையே நிக்கவச்சுப் பாருங்க."

நாயை நிறுத்தினோம். டேப்பைக் கவ்வாமலிருக்க அப்பா அவன் வாயில் தன் துண்டைக் கொடுத்தார். வெளியே பைக் பார்சல் கட்டுகிறவர்களிடம் மரச்சட்டம் கிடந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். டிரைவர்கள் பிடித்துக்கொள்ள, மாமா அறுத்தார், நான் ஆணி அடித்தேன். (மூணு ஆணி பெட்டியில, ஒண்ணு கட்டைவிரல்ல.) முக்கால் மணி நேரத்தில் சட்டம் வைத்த பக்கச் சுவரும், பழைய மூடியில் பாதியை வைத்து ஒரு கதவும் ஆயிற்று. பாதிப் பெட்டி மாளிகை, பாதி கோழிக்கூடு.

கிளீனர் ஏற மாட்டேன் என்றான். முட்டை காட்டியாயிற்று, கெஞ்சியாயிற்று. இந்தப் பெட்டிக்காரர்களின் வார்த்தையை அவன் இனிமேல் நம்புவதாக இல்லை. காஜா பாய்தான் தன் வேனுக்குப் போய், அன்று காலை மல்லிகை வந்திறங்கிய ஈரச் சாக்கை உருவிக்கொண்டு வந்து உள்ளே விரித்தார். கிளீனர் மூக்கை ஆட்டினான். யாரும் சொல்லாமல் ஏறினான். உள்ளே நின்றான். படுப்பதற்கு முன் நாய்கள் சுற்றுமே, அப்படி ஒன்று, இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பொத்தென்று படுத்தான்.

மேடம் ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். ரசீதைக் கிழித்துக் கொடுக்கும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் மாலைதான் பிரச்சினையாக நின்றது. பாய் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு, தப்பா எடுத்துக்காதே சவரி என்று வேனுக்குத் திரும்பப் பார்த்தார். அப்பா கையை நீட்டினார்.

"எனக்குன்னுதானே கட்டுனீங்க பாய்? இருபத்தெட்டு வருசமா ஊருக்கெல்லாம் மாலை ஏத்திக் குடுத்திருக்கேன். ஒண்ணு என் கழுத்துலயும் கெடக்கட்டும்."

அம்மா முகம் சுருங்கியது, ஆனால் தடுக்கவில்லை. பாய் மாலையைப் போட்டார். ஐந்து டிரைவர்களும் கைதட்டினார்கள். முழங்கால் வரை தொங்கும் ரோஜா மாலையோடு அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தார். எதிரே வந்தவர்கள் யாரோ பெரிய மனிதர் என்று ஒதுங்கி நின்றார்கள். இந்தத் தடவை ஊர் மரியாதை யாருக்கு என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது. நான் தலையை ஆட்டவில்லை. நெஞ்சை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன். ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் தண்ணீர்ப் பாட்டிலோடு பிரேக் வேனுக்கு ஓடினேன். கிளீனர் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், வேண்டுமென்றே.

பெட்டி இப்போதும் நாக்பூர் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. அவன் அதில்தான் தூங்குகிறான். அதைவிட நிரந்தரமாக எங்கள் வீட்டில் தங்கிவிட்டது ஒரு கேள்வி. நான் சட்டை எடுத்து வந்தால், பிரிட்ஜ் பார்த்துவிட்டு வந்தால், ஆபீஸில் ஒரு முடிவெடுத்தேன் என்று சொன்னால்கூட, அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "நின்னு, திரும்பிப் பாத்தியா?" உடனே அம்மா சிரிப்பை முந்தானையில் மறைப்பாள். படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று இந்த நாலு வருடத்தில் என் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம்.

போன மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் பள்ளி ஆசிரியை, பெயர் ஜெனிபர். தாய்மாமன் சீராகக் கட்டில் செய்யப்போவதாக மாமா போன் செய்தார். நான் அளவு சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ பேசாம இரு மருமகனே. போனைப் பொண்ணுகிட்டக் குடு."

அவள் சொன்னாள். நாலு பக்கமும் தாராளமாக. கட்டில் திண்டுக்கல்லிலிருந்து பார்சலில் வந்து இறங்கியது. பூட்டி முடித்து, துணி விரித்து, நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கிளீனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஏறினான். நின்றான். மூன்று சுற்றுச் சுற்றினான். படுத்தான்.

அளவு சரி என்றார் அப்பா.